தப்பறையும் ஒருமையும்: மருதமடு வரலாறு

கிறித்தவர் தம் வேதத்துக்கு மாறுபட்ட போதனையைத் தமிழிலே தப்பறை என்றும் பதிதம் என்றும் வழங்கி வந்தனர். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தர் நெறிப் பாதிரிமாரின் கொள்கையை மறுத்து வீரமாமுனிவர் பேதகமறுத்தல் என்னும் நூலை எழுதியமை தமிழ் உரைநடை வரலாறு கற்போர் அறிந்ததே. ஆயின், அஃது ஏட்டளவில் நிகழ்ந்த போர். ஒரு சாரார் அச்சுக்கூடத்தையும் மறுசாரார் எழுத்தாணியையும் துணைக்கொண்டனர். ஈழநாட்டிலோ, அதற்கு அரை நூற்றாண்டின் முன்னரே, தப்பறை என்னும் சொல்லின் பின்னே அரசாணையும் சிறைச்சாலையும் நின்றன. அவ்வாணை முழுமையாக எட்டாத நிலமாயிருந்தது வன்னி. இதனாலேயே ஈழக் கிறித்தவரின் பிரிவும் ஒருமையும் பற்றி ஆராயப் புகுவோர் வன்னிக் காட்டைக் கடந்துசெல்லல் இயலாது.

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வின் வகுத்த சீர்திருத்த நெறியினர். கத்தோலிக்க குருமாரை மறைத்துவைப்போருக்கு மரணதண்டனை என அவ்வாண்டிலேயே விளம்பரஞ் செய்தனர். இதனை வெறுஞ் சமயக் காழ்ப்பென்று கொள்ளுதல் பொருந்தாது. கத்தோலிக்கன் ஒவ்வொருவனும் போர்த்துக்கேயரின் ஒற்றனோ என்னும் அச்சம் கம்பனியாரை அலைத்தது. சொரூபங்களை வணங்குதல், மரித்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தல், பாப்பரசரைத் தலைவராகக் கோடல் ஆகியவற்றைத் தப்பறை என்று பாதிரிமார் கண்டித்தனர். ஆட்சியாளர் அதனையே இராசத் துரோகமாகவுங் கண்டனர்.

1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியஞ்செய்த பல்தேயு பாதிரியார் தமிழ் கற்க முயன்றவர். ஊர்தோறும் போர்த்துக்கேயர் கட்டிய கோவில்களையே பள்ளிக்கூடமும் செபவீடுமாக ஆக்கியவர். சொரூபங்கள் அகற்றப்பட்டன, சுவர்களும் மக்களும் பழையபடியே இருந்தனர். பள்ளித்தோம்பிற் பெயரில்லாதவருக்கு விவாகப் பதிவு இல்லை. பதிவில்லாத விவாகத்திற் பிறந்த பிள்ளை முதுசொத்தில் உரிமை நாட்டுதல் அரிது. ஆகவே சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே தோம்பில் ஏறினர். வீட்டினுள்ளே முன்னவர் திருநீறு பூசினர். பின்னவர் செபமாலை உருட்டினர். ஒல்லாந்தர் நாடிய ஒருமை தோம்பிற் குறைவறக் கிடைத்தது.

வன்னியின் நிலை வேறு. பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை முதலிய பற்றுக்களை ஆண்ட வன்னிமைகள் கம்பனியாருக்கு யானைத் திறை செலுத்த உடன்பட்டவர்களேனும், அதனையும் நிலுவை வைத்தே செலுத்தினர். திறை பெறுவதற்கே இடர்ப்பட்ட நாட்டில் தோம்பெழுதும் உபாத்தியாயர் எவ்வாறு உட்புகுவார்! காடும் காய்ச்சலும் வேறு காவலாயின. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்க குடும்பத்தார் தம் கோவிலிலிருந்த மாதா சொரூபத்தைத் தாங்கிக்கொண்டு இக்காட்டினுட் புகுந்தனர் என்பதும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுநூற்றுவர் அளவில் வன்னிக்கு வந்தனர் என்பதும், இரு கூட்டத்தாரும் மருதமடுவிற் கூடிச் சிறுகோவில் எடுத்தனர் என்பதும் கன்னபரம்பரையாக வந்த செய்தி. தொகைகளை அவ்வாறே கொள்ள வேண்டுவதில்லை. மக்கள் சென்ற திசையை ஐயுறுதற்கு இடமில்லை. இன்று மன்னார் மாவட்டத்தில் அடங்கினும், மருதமடு இயல்பால் வன்னிக் காட்டின் பகுதியே. 1981 இல் அமைந்த மன்னார் மேற்றிராசனம் வவுனியாவையும் தன்னுட் கொண்டது.

அம்மக்களுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவானவர் எவருமிலர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. மூப்பரும் அண்ணாவிமாரும் செபஞ் சொல்லிக் கொடுத்தனர். கற்றறிந்த குருமார் இல்லாதவிடத்தே தப்பறை முளைக்கும் என்பது திருச்சபையார் பொதுவாகக் கொள்ளும் அச்சம். ஈண்டு அவ்வாறு நிகழவில்லை. 1687 இல் கோவாவிலிருந்து இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் போந்த யோசேவாஸ் முனிவர், சில்லாலை முதலிய ஊர்களில் மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டு, அவர் வைத்திருந்த விசுவாசத்தைத் திருத்தவேண்டியிருந்ததினும் தேற்றவேண்டியிருந்ததே மிகுதி என்னலாம். 1689 இல் கிறித்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் கூடியிருந்த கத்தோலிக்கர் ஒல்லாந்தப் படையினராற் பிடிக்கப்பட்டனர். முனிவர் தப்பிப் புத்தளஞ் சென்று, 1692 இற் கண்டியை அடைந்தார். ஆண்டு, கல்வின் நெறியைச் சார்ந்த லனெரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டவே, சிறையிடப்பட்டார். பின்னர் உண்மை தெளிந்த இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் போதிக்கும் உரிமை அளித்தான். கிறித்தவக் கம்பனியார் மறுத்த உரிமையைப் பௌத்த மன்னன் ஈந்தமை குறிக்கத்தக்கது. 1711 இல் முனிவர் கண்டியிலேயே மறைந்தார். அவர்வழி வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார்; கல்வின் நெறியாரை மறுத்தெழுதியனவும் அவற்றுள் உள.

1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806 இல் தேசாதிபதி மெயித்திலந்து கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். 1802 இல் யாழ்ப்பாணப் பகுதியிற் சீர்திருத்த சபையினர் 1,36,000 பேருக்கு மேற்பட்டிருந்தனர் என்றும், 1806 இல் அச்சபை அங்கே இல்லையென்னுமளவிற்கு ஒழிந்ததென்றும் எமர்சன் தெனந்து 1850 இல் வெளியிட்ட நூலிற் கூறுவர். நூற்றைம்பது ஆண்டு முயற்சி நான்கு ஆண்டுகளில் கரைந்தது. தோம்பு மூடப்பட்டதும், அதில் எழுதப்பட்டோர் தத்தம் கோவிலுக்குத் திரும்பினர்.

புறப்பகை நீங்கவே உட்பகை தலைகாட்டியது. கீழைத்தேசங்களிற் குருமாரையும் மேற்றிராணிமாரையும் நியமிக்கும் உரிமை போர்த்துக்கல் அரசருக்குண்டு என்பது பத்ரோவாதோ எனப்படும் பழைய ஏற்பாடு. 1834 இல் இலங்கை தனி அப்போஸ்தலிக்க பரிபாலனமாயிற்று. 1847 இல் வடபகுதி பிரிந்து பெத்தக்கினி மேற்றிராணியாரின் கீழ் வந்தது. அவ்வாண்டிலேயே அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரும் வந்து சேர்ந்தனர். கோவைக் குருமாரோ, துன்பகாலத்தில் உயிரைப் பணயம் வைத்தோரின் வழியினர். கோவில் யாருடையது, திறவுகோல் யார் கையில் இருப்பது என்பதே வழக்கு. விசுவாசப் பிரமாணத்தில் ஓரெழுத்தேனும் மாறவில்லை. ஆயினும் ஒரு பகுதியார் மறுபகுதியாரைப் பிரிவினைக்காரர் என்றனர். கொள்கை வேறுபாட்டினாலேயே சபைகள் பிளவுபடும் என்று எண்ணுவோர் இவ்வழக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1886 இல் பாப்பரசருக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை வழக்கைத் தீர்த்தது. எனினும், இணங்காதார் சிலர் எஞ்சினர். கோவைக் குருவான அல்வாரெஸ் என்பவர், 1889 இற் கோட்டயத்தில், அந்தியோக்கியாவைச் சார்ந்த சிரியன் மேற்றிராணிமாரால் மார் யூலியு என்னும் பெயரோடு அபிஷேகம் பெற்றுத் தனிச்சபை நிறுவினார். கொழும்பிற் புதுக்கடை நன்மரண மாதா ஆலயம் அதன் தலைக்கோவிலாயிற்று. மன்னாரைச் சார்ந்த பறப்பாங்கண்டலிலும் அதற்கு ஆதரவிருந்தது. மருதமடுவை நோக்கிச் செல்லும் வழியிலேயே, இலத்தீன் பூசையும் மாதா வணக்கமும் சிறிதும் மாறாத மற்றொரு சபை! நாளடைவில் அது தேய்ந்தது.

இதற்கிடையில் மருதமடு வளர்ந்தது. யாழ்ப்பாண மேற்றிராணியாராயிருந்த போஞ்சான் 1870 இல் யூலை 2 ஆந் திகதியைத் திருநாளாக அமைத்து, 1872 இற் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவர் கண்டன நூல் எழுதவும் அஞ்சாதவர். எனினும் பிரிந்த ஊர்களை அந்நூல்களினும் அத்திருநாளே மிகுதியாய் இணைத்தது என்பது மிகையாகாது. வண்டில் கட்டிக் காட்டில் இறங்கி ஒரே குளத்து நீர் குடித்தோர் திறவுகோல் வழக்கை அங்கே பேசுதல் அரிது. சைவரும் சிங்களரும் நேர்த்தி வைத்துச் சென்றனர்; பாம்புக்கடிக்கு மடுமண் மருந்தென்னும் நம்பிக்கை சமயவேலியைக் கடந்தது. 1924 இற் சொரூபத்துக்கு முடிசூட்டினர்.

சீர்திருத்த சபைகளும் ஒருமையை நாடாதிருக்கவில்லை. 1947 இல் தென்னிந்திய திருச்சபை தோன்றியபோது யாழ்ப்பாணம் அதன் மேற்றிராசனங்களுள் ஒன்றாகி, குலேந்திரன் அவர்கள் முதல் பேராயரானார்.  இலங்கைச் சபைகள் யாவற்றையும் இணைக்க வகுத்த திட்டம் 1972 இல் நிறைவேறும் தறுவாயில் வழக்கினால் தடைப்பட்டு, பின்னர் உருப்பெறவேயில்லை.

1999 நவம்பரில் மடு ஆலய வளவில் எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்தோருள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஏப்பிரிலிற் குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். ஓகஸ்டில் அது மீண்டது. 2015 சனவரி 14 இல் யோசேவாஸ் முனிவரைக் கொழும்பிற் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்றே மடுவுக்கும் வந்தார்.

போர் முடிந்த 2009 இன் பின்னர், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் புதிய செபக்கூட்டங்கள் பல எழுந்துள்ளன. கத்தோலிக்கரும் தென்னிந்திய திருச்சபையாரும் ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்கின்றனர். இக்கூட்டங்களுட் பல, குழந்தைப்பருவ ஞானஸ்நானத்தைச் செல்லாதென்று வளர்ந்தோர்க்கு மீளவும் முழுக்குக் கொடுக்கின்றன. தப்பறை என்னும் பழஞ்சொல் மீண்டும் கேட்கின்றது. இம்முறை அதனை இரு பக்கத்தாருமே சொல்கின்றனர். தோம்பு எவர் கையிலும் இல்லை.