சீறும் சுடர், குறையும் ஒளி

கூடுதலாக எரித்தால் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கும் என்றே நாம் இயல்பாக எண்ணுகிறோம். அகல் விளக்கில் திரியைத் தூண்டும் கை கற்றுத்தந்த பாடம் அது. நிலக்கரி வாயு விளக்குகளோ இந்தப் பாடத்தைப் பொய்யாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து அதை உணர்வதற்குப் பல்லாண்டுகள் ஆயின.

வில்லியம் மர்டாக் 1792இல் கார்ன்வாலில் தம் வீட்டிற்கு வாயு ஒளி ஏற்றினார். அவருடன் ஒரே நிறுவனத்தில் பணிபுரிந்த சாமுவேல் கிளெக் 1811இல் இயேசு சபையாரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரிக்கு விளக்கமைத்தார். 1813 டிசம்பர் 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் ஒளிர்ந்தது. பிரெஸ்டன் நகரின் வாயு நிறுவனத்தை 1815இல் தோற்றுவித்தவருள் ஒருவர் ஜோசப் டன் என்னும் இயேசு சபைக் குரு என்பதை அறியும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது.

அக்காலச் சுடருக்கு ஒளி தந்தது வாயுவிலிருந்து பிரிந்து, வெப்பத்தில் தகதகக்கும் கரித்துகளே. அழுத்தம் மிகக் குறைந்தால் சுடர் தளர்ந்து புகையும். கூரையில் கரி படியும். அழுத்தம் மிகுந்தாலோ வாயு சீறிப் பாய்ந்து காற்றைத் தன்னோடு வாரிக்கொள்ளும். கரித்துகள்கள் ஒளிரும் முன்பே எரிந்துபோகும். செலவும் வெப்பமும் மிகும். வெளிச்சம் மட்டும் குறையும்.

இந்த அழுத்தம் வீட்டாரின் கையில் இல்லை. தொலைவில் உள்ள தெருக்களுக்கும் வாயு எட்ட வேண்டுமென்று, அந்தி நேரத்தில் ஆலையினர் அழுத்தத்தை உயர்த்துவர். இரவில் கடைகள் அடைபட்டு நூற்றுக்கணக்கான விளக்குகள் ஒருசேர அணையும்போது, எஞ்சியிருந்த வீடுகளில் சுடர் திடீரெனச் சீறும். அயலான் தன் விளக்கை அணைத்தான், நம் விளக்கு கெட்டது! மேலும் நிலக்கரி வாயு காற்றைவிட இலேசானது. பத்தடி உயரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவு அழுத்தம் கூடும். ஆகவே மேல்மாடியிலும் மேட்டுத் தெருவிலும் தொல்லை அதிகம்.

வீணானது பணம் மட்டுமா? எரியும் ஒவ்வொரு சுடரும் அறையின் உயிர்வளியை உண்டு, கரியமில வாயுவையும் கந்தகப் புகையையும் விட்டுச்சென்றது. லண்டன் அத்தினியம் மன்றத்தின் நூலகத்தில் புத்தகங்களின் தோல் அட்டைகள் நொறுங்கியபோது, மைக்கேல் ஃபாரடே 1843இல் வாயு விளக்குகளையே காரணமாகக் காட்டி, புகையைக் குழாய்வழி வெளியேற்றும் முறையை விளக்கினார். அட்டைக்கு நேர்ந்தது நுரையீரலுக்கு நேராதா? அதே காலத்தில் மருத்துவர் வில்லியம் கய், அச்சுக்கோப்போரை ஆராய்ந்து, நெருக்கமான அறைகளில் வேலை செய்தோரிடம் இரத்தம் கக்கும் நோய் மிகுந்திருந்ததைக் கண்டார். மன்றத்தாருக்குக் காற்றுக்குழாய் வாய்த்தது. இரவெல்லாம் எழுத்துக் கோத்தவனுக்கு அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை.

இதற்குரிய கருவி எளிமையானது. ‘கவர்னர்’ என்று அதைத் தொழிலாளர் அழைத்தனர். நீரில் கவிழ்த்த மணி போன்ற கலம். அதன் உட்புறம் தொங்கும் ஒரு கூம்பு. அழுத்தம் ஏறினால் மணி மிதந்தெழும், கூம்பும் உடன் எழுந்து வாயு நுழையும் வாயை நெருக்கும். அழுத்தம் இறங்கினால் மணியும் இறங்கி வழிவிடும். காவலாளி வேண்டியதில்லை. முதலில் ஆலைகளிலும், பின்னர் வீடுகளின் நுழைகுழாயிலும் இடம்பெற்ற இவ்வமைப்பின் வேலையை, வெஸ்ட்மின்ஸ்டரில் தொழில் நடத்திய வில்லியம் சக் ஒவ்வொரு விளக்கிற்குமே கொண்டுவந்தார். துருப்பிடித்துத் துளை கெடும் இரும்பு எரிமுனைக்கு மாற்றாக மாக்கல் முனைகளையும் அவர் செய்தார்.

தொடக்கத்தில் விளக்குகளின் எண்ணிக்கையையும் எரியும் நேரத்தையும் கொண்டே கட்டணம் பெறப்பட்டது. வீணாகும் வாயு நிறுவனத்தின் இழப்பு. மீட்டர் வந்தபின் அவ்விழப்பு வீட்டாரின் தலையில் விழுந்தது. கவர்னரைப் பொருத்தும் அக்கறையும் அதன்பின் அவர்களுடையதாயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

வியன்னாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றபின் கணக்கே மாறியது. காற்றைக் கலந்து எரிக்கும் நீலச்சுடரே அதற்கு வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறியது அதனால்தான். அங்கே சீற்றம் குற்றமன்று. ஆனால் சீரான அழுத்தத்தின் தேவை அப்போதும் நீங்கவில்லை. நம் சமையலறைச் சிலிண்டரின் தலையில் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டர் செய்வதும் அதே வேலைதான். நீரில் மிதந்த மணிக்குப் பதிலாக அதனுள் ஒரு ரப்பர் சவ்வும் சுருள்வில்லும் இருக்கின்றன.