பழவங்காடி மாடியில் ஒரு பீங்கான் தொட்டி

போன மழைக்காலம் முடிந்ததும் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன சோகம். மகள் கோடை விடுமுறையில் உட்கார்ந்து உட்கார்ந்து பெயின்ட் அடித்த இரண்டு பூந்தொட்டிகளும் பாழ். ஒன்று சாதாரண மண் தொட்டி. அதில் பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இன்னொன்று வழுவழுப்பான வெள்ளைப் பீங்கான் தொட்டி. அதில் தோல் உரிவது மாதிரி பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

"அப்பா, பிஞ்ஞாணத்துல ஏன் பெயின்ட் நிக்கல?" என்று கேட்டாள்.

பெயின்ட் போனதைவிட அந்த 'பிஞ்ஞாணம்'தான் எனக்கு உறைத்தது. எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். பீங்கான் பியூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் செய்கிற ஊர். அந்த ஊர்க்காரன் பெண்ணுக்கு பீங்கான் என்ற சொல் வாயில் வரவில்லையே! வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, பழவங்காடி கணபதி கோயிலில் சிதறுகாய் உடைகிற சத்தத்தில் கண்விழிக்கிற வாழ்க்கை. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவளுக்கு மலையாளம்தான். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் இருக்கிற பயம் எனக்கும் வந்தது.

சரி, முதலில் அவள் கேள்விக்குப் பதில். மண் தொட்டிக்குச் சுவரெல்லாம் நுண்ணிய துளை. ஊற்றுகிற தண்ணீர் உள்ளேயிருந்து கசிந்து வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து பெயின்டைத் தள்ளிவிடுகிறது. பீங்கான் தொட்டியில் கதை நேரெதிர். அதன் மேல் இருப்பது கிளேஸ். கிளேஸ் என்பது பெயின்ட் இல்லை, சூளையில் உருகி மண்ணோடு ஒட்டிப்போன கண்ணாடித் தோல். அதில் பிடிமானமே கிடையாது. நாம் மேலே அடிக்கிற அக்ரிலிக் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கண்ணாடித் தோலை உலகத்திலேயே சிறப்பாகப் போட்டவர்கள் சீனர்கள். வெள்ளைக் களிமண்ணை 1,200 டிகிரிக்கும் மேலே சுட்டு, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற பாத்திரம் செய்தார்கள். அந்த மண்ணுக்குக் கயோலின் என்று பெயர் வந்ததே சிங்தேசென் என்ற பீங்கான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காவ்லிங் குன்றால்தான். ஐரோப்பாக்காரர்களுக்கு இந்த வித்தை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிடிபட்டது. 1710இல் ஜெர்மனியின் மைசன் நகரில் தொழிற்சாலை வைத்தார்கள்.

ஆனால் நம் கடற்கரைகளுக்குப் பீங்கான் அதற்கு வெகுகாலம் முன்னாலேயே வந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 1340களில் வந்த இப்னு பதூதா கோழிக்கோட்டில் சீனக் கப்பல்கள் நின்றதைப் பார்த்து எழுதியிருக்கிறார். இங்கிருந்து வடக்கே இருக்கும் கொல்லத்தில் 2014இல் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது மண்ணோடு சீனக் காசுகளும் பீங்கான் துண்டுகளும் வந்தன. பத்மநாபபுரம் அரண்மனை போனால் ஊட்டுப்புரையில் ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீன ஜாடிகளைப் பார்க்கலாம். இங்கே அதைச் சீனபரணி என்பார்கள். எங்கள் பழவங்காடிப் பிள்ளையாரும் அதே பத்மநாபபுரத்துக் கோட்டையிலிருந்து படைவீரர்களோடு வந்தவர் என்றுதான் இங்கே சொல்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 10ஆம் நூற்றாண்டு அரபுப் பயணி அபூ துலஃப் பெயரில் வழங்கும் குறிப்பு அது. கூலம் என்ற ஊரில் செய்கிற பாத்திரங்களை எங்கள் நாட்டில் சீனச் சரக்கு என்று விற்கிறார்கள், ஆனால் அது சீனச் சரக்கு இல்லை, சீன மண்தான் கெட்டி, நெருப்பையும் தாங்கும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். இந்தக் கூலத்தைக் கொல்லம் என்று கொள்கிறவர்கள் உண்டு. அப்படியானால், ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கொல்லத்தில் டூப்ளிகேட் சீனா சரக்கு! :-)

வேடிக்கை என்னவென்றால், அசல் மண் பக்கத்திலேயே இருந்தது. கொல்லத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் குண்டறை. அங்கே பூமிக்குள் நல்ல கயோலின். அதை நம்பி 1930களில் திருவிதாங்கூர் அரசு பீங்கான் தொழிற்சாலை தொடங்கியது. 1963இல் அது கேரளா செராமிக்ஸ் என்ற அரசு நிறுவனமானது. பின்னாளில் கோப்பை தட்டை விட, பெயின்ட் போன்ற தொழில்களுக்குப் போகும் கயோலின் பொடிதான் அங்கே முக்கியச் சரக்கானது.

பெயின்ட் என்றதும் இன்னொன்று. மகள் தொட்டிக்கு முதல் கோட் அடித்தது வெள்ளை. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற நல்ல வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுப்பது டைட்டானியம் டையாக்சைடு. அதற்கு மூலப்பொருள் இல்மனைட் என்ற கருமணல். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கு மேன்டிலுக்கு அது வேண்டியிருந்தது. அதைத் தேடி மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணல் அள்ளினார்கள். கூடவே வந்தது இல்மனைட். பிறகு 1946இல் திருவனந்தபுரம் கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் ஆலை உருவாயிற்று. இந்தியாவில் டைட்டானியம் டையாக்சைடு செய்த முதல் ஆலை அதுதான். அந்த மணவாளக்குறிச்சி 1956 நவம்பர் 1 முதல் நம் தமிழ்நாட்டில்.

இதற்கு விலையும் உண்டு. மணல் எடுத்து எடுத்து ஊரே கடலுக்குள் போகிறது என்று கொல்லம் மாவட்டத்து ஆலப்பாடு மக்கள் 2018 நவம்பரில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கணக்கு எழுதிப் பழகியவன், அதனால் சொல்கிறேன். வரவு எழுதும்போது இந்தப் பற்றையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசியாக அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அகராதியைப் புரட்டினேன். பீங்கான் தமிழில் வந்து சேர்ந்த சொல்தானாம், பாரசீக மூலம் காட்டுகிறார்கள். மலேசியாவில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும், மலாயில் தட்டுக்கு 'பிங்கான்'. இலங்கை நண்பர்களைக் கேட்டால் சிங்களத்தில் 'பிங்கான' என்பார்கள். மலையாளத்தில் பிஞ்ஞாணம். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், கப்பலேறி ஊர் ஊராக இறங்கியவை. நான் ஏதோ என் மகள் தமிழைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது எங்கள் ஊர்ச் சொல்லின் அண்ணனையோ தம்பியையோதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெயின்ட் வேலை. பீங்கானை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, துடைத்து, ப்ரைமர் அடித்துக் காயவைத்தோம். மண் தொட்டிக்கு உள்பக்கமும் சீலர் பூசினோம். அப்புறம்தான் வண்ணம், மேலே வார்னிஷ். பீங்கான் தொட்டியின் அடியில் மகள் இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறாள், ஒன்று தமிழில், ஒன்று மலையாளத்தில். தமிழில் 'பீ'க்கு நெடில் போட மறந்து, பிறகு சேர்த்திருக்கிறாள். அடுத்த இடவப்பாதி மழைக்கு எது நிற்கிறது என்று பார்ப்போம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பீங்கானுக்கு என்ன சொல்கிறார்கள்? நீங்கள் இருக்கும் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.