கேடும் குணமும்: போடிமெட்டு மலைக் கதைகள்

கதைமாந்தரின் உண்மைக் குணத்தைத் துன்பத்தின் வழியே வெளிக்கொணர்வது புனைகதையின் பழைய உத்தி. ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதை விலக்குகிறார் என்பதில்தான் குணம் தெரியும் என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் சொன்னார். திருக்குறளின் 80ஆம் அதிகாரமான ‘நட்பாராய்தல்’ இன்னும் கூர்மையானது. கேட்டை ஓர் அளவுகோல் என்கிறது அது. ஆனால் அந்தக் கோல் அளப்பது துன்பப்படுபவரை அல்ல, அவரைச் சுற்றி நிற்பவர்களை.

தமிழக–கேரள எல்லை மலைகளில் பிறந்த கதைகளைப் படிக்க அரிஸ்டாட்டிலைவிட வள்ளுவரே பொருத்தமான வழித்துணை.

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்பேறி, எல்லை தாண்டி வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள் தொழிலாளர்கள். சாலை வருவதற்கு முன் இந்த மலையில் சுமை ஏறி இறங்கியதெல்லாம் மனிதர் தலையிலும் விலங்குகளின் முதுகிலும்தான்.

அந்த உலகத்தைக் காட்டிய படம் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளியானது. இளையராஜா இசை, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு.

நாயகன் ரங்கசாமி சுமை தூக்கும் கூலியாள். கையளவு நிலம் வாங்குவதுதான் அவன் கனவு. அதற்காக ஒரு மூட்டை ஏலக்காயைச் சுமந்து மலையிறங்குகிறான். விற்றால் நிலத்துக்குப் பணம் தேறும். வழியில் மூட்டை பள்ளத்தில் உருண்டு, காய்கள் சிதறிப்போகின்றன. வழக்கமான சினிமாவாக இருந்தால் நாயகன் அங்கே வெகுண்டெழுந்திருப்பான். ரங்கசாமி மறுபடியும் சுமை தூக்கப் போகிறான். அந்த இழப்பால் அவனைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. அவன் முன்பும் அப்படித்தான் இருந்தான். தெரியவருவது மற்றவர்கள்தான். உள்ளூர் பாய் ஒருவர் கைகொடுக்க, நிலம் கிடைக்கிறது.

படத்தின் மிகக் கூரிய பாத்திரம் லோகு. விதையும் உரமும் கடனாகத் தருகிறவன். விளைச்சல் உள்ளவரை அவனும் உதவிக்காரனே. ரங்கசாமி ஒரு கொலை வழக்கில் சிறைக்குப் போனபின் மனைவி ஈஸ்வரி தனியாக வெள்ளாமை பார்க்கிறாள், கடன் ஏறுகிறது, நிலம் கைமாறுகிறது. கடன் கொடுத்தபோது லோகு பேசிய இன்சொல் எதற்காக என்பது அப்போதுதான் துலங்குகிறது.

துன்பம் உண்மைக் குணத்தை வெளிக்காட்டுகிறது என்ற சூத்திரம் ஓரிடத்தில் போதாமல் போகிறது. தோட்டத் தொழிலாளர்களுக்காக நிற்கும் கம்யூனிஸ்ட் தோழர் சாக்கோவோடு சேர்ந்து, ரங்கசாமி அந்தக் கொலை வழக்கில் சிக்குகிறான். அவனுக்குள் கொலைகாரன் ஒளிந்திருந்தான் என்று சொல்வது அநியாயம். தொழிலாளர்களுக்கு இழைக்கப்படும் துரோகம் ஒரு சாது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத்தான் படம் காட்டுகிறது. துன்பம் சிலசமயம் குணத்தை வெளியே கொண்டுவருவதில்லை; புதிதாக ஒன்றைச் செய்துவிடுகிறது.

இதே மலைத்தொடரில் வடக்கே, பாலக்காட்டின் பறம்பிக்குளத்தை ஒட்டிய ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள் பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969) நாவலுக்குக் களம். அங்கே மருத்துவராக வேலை பார்த்து, தொழிற்சங்கமும் கட்டியவர் அவர். இரா. முருகவேள் இந்த நாவலை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ (2013) இதிலிருந்து உருவானது. நாவலில், பஞ்சத்தில் வாடும் கருப்பனும் வள்ளியும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். அந்த முன்பணம் தீராத கடனாகிறது. இங்கே கோல் அளப்பது ஆள்சேர்க்கும் மேஸ்திரியை. கூலிகளின் மண்ணிலிருந்தே வந்தவன், அவர்கள் பசியைத் தலைக்கு இவ்வளவு என்று தரகாக்கிக்கொள்கிறான். வெள்ளைத் துரையின் கொடுமையைவிட இவன் பேசும் ஊர்ப்பேச்சு வாசகரை அதிகம் உறுத்துகிறது; அதை நம்பித்தான் அவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.