கண்ணுக்குப் போன ஒலி

காந்த ஒலிநாடாக் காலத்தில் ஒலித்தொகுப்பு காதுக்கும் கைக்கும் உரிய வேலை. சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தைச் செவியால் பிடித்து, பிளேட்டால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். விழிப்புலனற்றவருக்கும் அது கைகூடிய தொழில்தான்.

கணினி வந்ததும் ஒலி அலைவடிவமாகத் திரையில் ஏறியது. கேட்கவேண்டியதைப் பார்க்கவேண்டியதாக்கிய இம்மாற்றத்தை முன்னேற்றம் என்று மட்டும் எழுதிவிட, பத்திரிகைக்காரனான எனக்கு மனம் வரவில்லை. சுட்டியால் இழுத்துத் தெரிவுசெய்யும் படத்தைத் திரைவாசிப்பான் எப்படி வாசிக்கும்? அது எழுத்தையல்லவா வாசிக்கும்!

விபத்தொன்றில் பார்வையிழந்த அமெரிக்கர் டெட் ஹென்டரின் 'ஜோஸ்' திரைவாசிப்பான் 1989இல் டொஸ் கணினிகளுக்கு வந்தது. வின்டோஸ் பதிப்பு 1995இல். நல்ல கருவிதான். ஆனால் நம் நாட்டுச் சம்பளக்காரருக்கு அதன் விலை எட்டாக்கனி. 2006இல் அவுஸ்திரேலியரான மைக்கல் கரன் 'என்விடிஏ' என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே உடன் இணைந்தார். இருவருமே பார்வையற்றவர்கள்.

'ரீப்பர்' என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளுக்கு 'ஒசாரா' என்ற இலவச நீட்சியைத் தொடங்கியவரும் இதே ஜேம்ஸ் டேதான். நிற்கும் இடத்தின் நேரம், தடத்தின் பெயர், ஒலிமட்டம் ஆகியவற்றை அது திரைவாசிப்பான் வழியே சொல்லவைக்கிறது, வெட்டுவதெல்லாம் விசைப்பலகையால். ஒரு தொல்லை மட்டும் உண்டு: செவ்வி வழங்குபவரும் திரைவாசிப்பானும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்! ஆகவே, ஒருவரை இடக்காதுக்கும் மற்றவரை வலக்காதுக்கும் அனுப்பிவிட்டு வேலை செய்வோர் உண்டு.