தோட்டத் தொழிலாளர் கூட்டுறவு (மலேசியா)

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கி, விளைந்ததைச் சந்தையில் விற்று, லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் முறை. உடைமையில் பொதுவுடைமை, வியாபாரத்தில் முதலாளித்துவம். மலேசியாவில் இதன் பெரிய வடிவம் 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

கூட்டு முயற்சி மலேசியாவின் தெற்கிலுள்ள ஜொகூருக்குப் புதிதல்ல. 1844 வாக்கில் சீனரான தான் கீ சூன் தெப்ராவ் ஆற்றங்கரையில் கங்கார் தெப்ராவ் குடியிருப்பை நிறுவினார். மிளகும் கம்பீரும் பயிராயின. இத்தகைய முயற்சிகளை நடத்திய சீனர்களின் கொங்சி என்றால் பங்காளிகளின் கூட்டு. ஆனால் இந்த ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் அபின், சாராயம், சூதாட்ட உரிமைகள் தலைவரான கங்சுவின் கையில் இருந்தன; கூலிக்காரன் சம்பாதித்த காசு சுற்றி அங்கேயே போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ரோச்டேலில் தொழிலாளர்கள் கூட்டுறவுக் கடை திறந்ததும் அதே 1844 என்பது தற்செயல்தான்.

கம்பீர் போய் ரப்பர் வந்தது, கூடவே தமிழர்களும் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு மரம், பால் வாளி, ஸ்டோர். லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய தரகர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். இந்தத் துண்டாடலை ஆராய்ந்தவர் ஜொகூர் அரச மரபினரான பொருளியலாளர் உங்கு அசீஸ். 1971 முதல் தேசியக் கூட்டுறவு அமைப்பான அங்காசாவின் தலைவராக இருந்தவரும் அவரே.

துண்டாடலுக்குப் பதிலாக நில நிதிச் சங்கத்தைத் தொடங்கியவர் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ. தி. சம்பந்தன். தோட்ட உடைமைக் குடும்பத்துப் பிள்ளை அவர் என்பதையும் சொல்ல வேண்டும். பங்கு 100 வெள்ளி (டாலர்), மாதம் 10 வெள்ளி தவணை. நாள் கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் அது சிறு தொகையல்ல. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். 1979-இல் மறையும்வரை சம்பந்தன் சங்கத் தலைமையில் இருந்தார்.

சிக்கலும் இங்கேதான். ஜொகூரில் பால் வெட்டுகிறவர் பணம் கட்டி உறுப்பினரானால் கெடா மரங்களில் அவருக்குப் பங்கு உண்டு. தாம் தினமும் வெட்டும் மரத்தில் கிடையாது. சங்கத் தோட்டத்திலும் மேனேஜர், கிராணி (எழுத்தர்), கூலி எல்லாம் உண்டு. ரப்பர் விலையையும் உலகச் சந்தைதான் வைத்தது. துண்டாடலைத் தடுத்த அளவுக்குச் சம்பளத்தை உயர்த்தக் கூட்டுறவால் முடியவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

தெப்ராவில் இன்று ரப்பருக்குப் பதில் தாமான் எனப்படும் வீட்டுக் குடியிருப்புகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. நிலத்தைச் சதுர அடியில் விலை பேசுகிறார்கள்.