ரப்பர்க் காட்டில் உடன்போக்கு

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்ததோடு நில்லாமல் வாழ்க்கைக்கும் இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர் என்று நாம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அகத்திணையை நடத்தும்போது உடன்போக்கு என்னும் துறைக்கு வருகிறோம். பெற்றோர் இசையாத நிலையில் தலைவி தான் விரும்பியவனோடு தானே புறப்பட்டுச் செல்கிறாள். செவிலி தேடிப் போகிறாள். நற்றாய் இல்லத்திலிருந்து வருந்துகிறாள். வழியில் கண்டோர் இரங்குகின்றனர். எவரும் காவலரை அழைப்பதில்லை. தலைவியின் காதலைத் தோழி வீட்டாருக்கு வெளிப்படுத்துவதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மறைப்பதன்று, சொல்லுவதே அறம் என்பது அப்பெயரிலேயே இருக்கிறது.

இப்பாடத்தைக் கெடா மாநிலத்தில் நடத்தும் ஆசிரியருக்கு ஒரு சங்கடம் உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் மாணவரின் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த தோட்டங்களில் உடன்போக்குக்கு வேறு பெயர்கள் இருந்தன. கங்காணி அதை ‘ஓட்டம்’ என்றார். துரை அதை ஆள் குறைவு என்றார். சட்டம் அதைக் குற்றம் என்றது. தமிழ் மக்கள் ஈராயிரம் ஆண்டுகள் பாடிவந்த ஒரு செயல், கப்பலேறிக் கடல் கடந்ததும் வழக்கேடாக மாறிய வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

இக்கால இளைஞர் ஆங்கிலத்தில் விரும்பிப் படிக்கும் கதைகளில் ஒருவகை உண்டு. எதிர்காலத்தில் ஓர் அரசு. அது மக்களின் உணவையும் உழைப்பையும் மட்டுமன்றி உள்ளத்தையும் அளந்து கொடுக்கிறது. அலி காண்டி 2010-இல் எழுதிய ‘மேட்ச்ட்’ என்னும் நாவலில், யார் யாரை மணப்பது என்பதைச் சமுதாயமே கணக்கிட்டு அறிவிக்கிறது. லாரன் ஆலிவர் 2011-இல் எழுதிய ‘டெலிரியம்’ நாவலில் காதல் ஒரு நோய். பதினெட்டு வயதானதும் அதற்குச் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது ருசிய எழுத்தாளர் சாம்யாதின் எழுதி, 1924-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘நாங்கள்’ என்னும் நாவல். அதில் மனிதருக்குப் பெயரே இல்லை, எண்தான். ஒருவரை ஒருவர் சந்திக்க இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். மாணவர்கள் இவற்றை வியந்து படித்துவிட்டு, “இப்படியும் ஓர் ஊர் இருக்குமா?” என்று கேட்கிறார்கள். இருக்குமா என்பது கேள்வியன்று. எங்கே இருந்தது என்பதே கேள்வி.

கெடா 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாட்சிக்கு மாறியது. தலைநகரான அலோர் ஸ்டாரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்கள். தெற்கே செல்லச் செல்ல வயல் முடிந்து ரப்பர் தொடங்கும். பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், கோலக் கெட்டில், பாடாங் செராய் என நாம் அறிந்த பெயர்களெல்லாம் அந்தப் பால்மரக் காட்டின் பெயர்களே. நெல்வயலில் வாழ்ந்த மலாய்க் குடியானவர் தம் ஊரில் தாமே வாழ்ந்தனர். ரப்பர்க் காட்டில் வாழ்ந்த தமிழரோ பிறர் நிலத்தில், பிறர் கட்டிய வீட்டில், பிறர் அடித்த மணிக்கு எழுந்து வாழ்ந்தனர்.

அங்கே முதலில் கணக்கைப் பார்க்கவேண்டும். 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் முந்நூறு பெண்களே இருந்தனர். 1931-இல்கூட அத்தொகை ஐந்நூறை எட்டவில்லை. பிஜித் தீவில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று சட்டமே வகுத்திருந்தது. அங்குக் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்டிரைப் பாரதியார் பாடினார். மலாயாவுக்குப் புறப்பட்டோர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலில் வந்து, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைக்கப்பட்டனர். ஆள் வேண்டியவர்கள் முதலில் ஆண்களையே வேண்டினர். பிறகு, குடும்பம் இருந்தால் தொழிலாளி நிலைத்திருப்பான் என்று கண்டுகொண்டபோது பெண்களை வேண்டினர். மனைவி என்பவள் ஆடவனைத் தோட்டத்தில் கட்டிவைக்கும் கயிறு என்னும் எண்ணம் அந்த நிருவாகத்தின் அடியில் இருந்தது. அவளும் பால் வெட்டினாள் என்பதும் அவளுக்குக் கூலி குறைவு என்பதும் கூடுதல் இலாபம். 1920-களின் இறுதியில் நிறுவப்பட்ட தரக்கூலி ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

அடுத்துக் கங்காணி. ஊரிலிருந்து தன் உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வந்தவர் அவர். தம் ஆட்களுள் எத்தனைபேர் அன்று பெரட்டில் நின்றனரோ அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. இதன் பொருளை ஆழ்ந்து பார்க்கவேண்டும். ஒரு கங்காணியின் கூட்டத்துப் பெண் வேறொரு கங்காணியின் கூட்டத்து இளைஞனை விரும்பினால், அவளுடைய விருப்பம் ஒருவர் பையிலிருந்து காசை எடுத்து மற்றொருவர் பையில் போடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்கே போய்விட்டால் துரைக்கும் நட்டம். அதனால் திருமணப் பேச்சில் கங்காணியின் சொல்லுக்கு இருந்த எடை, பெரியவர் என்ற மதிப்பினால் மட்டும் வந்ததன்று. காதல் அங்கே கணக்கேட்டில் ஒரு வரி.

வெள்ளையர்மேல் மட்டும் பழியைப் போட்டு நாம் தப்பிவிட முடியாது. ஊரிலிருந்த சாதி கப்பலிலேயே வந்தது. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மேட்டு லயத்துப் பெண்ணும் பள்ளத்து லயத்துப் பையனும் ஒரே நிரையில் மரம் வெட்டலாம். ஒரே வாளியில் பால் ஊற்றலாம். ஒரே பந்தலில் மாலை மாற்ற முடியாது. துரை வகுத்த வேலியும் நாம் கொண்டுவந்த வேலியும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

வேலி என்பது உவமையன்று. தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே வரத் துரையின் இசைவு வேண்டும். உறவினரே ஆனாலும், மணப்பெண் பார்க்க வந்தவரே ஆனாலும் அதுதான் முறை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இது விளங்கும். கூலி உயர்வை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், தோட்டப் பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் வரம்பு மீறுவது நிற்கவேண்டும் என்றெல்லாம் கேட்டனர். அந்த இறுதிக் கோரிக்கை எத்தனை ஆண்டு மௌனத்துக்குப் பின் எழுத்தில் ஏறியது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தங்கள் வீட்டுப் பெண் யாருக்கு இணங்குவது, யாருக்கு இணங்காதிருப்பது என்பதைக்கூடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கேட்கவேண்டியிருந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1920-களின் தொடக்கம் வரை, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைத் தண்டிக்க இடமிருந்தது. ஆகவே அந்நாளில் இருவர் இணைந்து ஓடினால், அவர்கள் காதலர் ஆவதற்கு முன்பே ஓடுகாலிகள் ஆயினர். இதற்குமேல் தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு ஒன்றிருந்தது. 1860-இல் இந்தியாவுக்காக எழுதப்பட்டு, பின்னர் இந்நாட்டுக்கும் வந்த பிரிவு அது. பிறன் மனைவியை அவள் பிறன் மனைவி என்று தெரிந்தே தகாத உறவுக்காக அழைத்துச் சென்றாலோ மயக்கி இழுத்தாலோ இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம். முறையிடும் உரிமை கணவனுடையது. தன் விருப்பத்தோடுதான் சென்றேன் என்று அவள் சொன்னால் அது அவனைக் காப்பாற்றாது. சட்டத்தின் கண்ணில் அவள் சென்றவள் அல்லள்; கொண்டுசெல்லப்பட்டவள். அகத்திணையில் ‘போக்கு’ தலைவியின் வினை. இங்கே வினை முழுதும் ஆடவனுடையது, அவள் செயப்படுபொருள். இலக்கணம் கற்பிப்போருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஆயினும் தோட்டத்துப் பெண்கள் போனார்கள் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. குடித்து அடித்தவனை விட்டுப் போனார்கள். முகாமில் பெயரளவில் கணவன் என்று எழுதப்பட்டவனை விட்டும் போனார்கள். பெண்கள் குறைவாயிருந்த இடத்தில் அவர்களுக்கு வாய்த்த ஒரே வலிமை அது. அதிகாரிகள் இதை ஒழுக்கக்கேடு என்று குறித்துவைத்தனர். அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட, மலாயாவின் கூலிப்பெண்கள் பற்றிய ஆய்வுநூல், அதே ஆவணங்களைத் திருப்பிப் படிக்கிறது. அப்பெண்கள் வாயில்லாப் பதுமைகளாய் மட்டும் இருந்திலர், கிடைத்த இடுக்கில் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொண்டனர் என்பது அவர் வாதம். நான் இதை ஏற்கிறேன்; ஆயினும் முழு மகிழ்ச்சியோடு ஏற்க இயலவில்லை. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு, ஒரு பெரட்டிலிருந்து இன்னொரு பெரட்டுக்குப் போவது தெரிவுதான். விடுதலை என்று அதைச் சொல்ல நா எழவில்லை.

தெரிவு என்னும் கருத்தையே மேடையில் பேசியவர்கள் வேறொரு திசையிலிருந்து வந்தனர். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார். புரோகிதர் இல்லாத, சாதி கேளாத சுயமரியாதைத் திருமணம் என்னும் பேச்சு இங்கும் பரவியது. சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். அவர் சீனப் பெண்ணொருவரை மணந்தவர். எழுதியதை வாழ்ந்தும் காட்டியவர். தமிழ்நாட்டில் அத்தகைய திருமணம் சட்ட ஏற்புப் பெற 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

போர் வந்தபோது எல்லாம் கலைந்தது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அரண் உடைய, ஜப்பானியர் அலோர் ஸ்டார் வழியே தெற்கே இறங்கினர். ஜப்பானியருக்கு அஞ்சிப் பெண்ணை எவனுக்கேனும் கட்டிவைத்துவிடும் அவசரத் திருமணங்களைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாலையிட்ட கை காயுமுன் அந்த மாப்பிள்ளையே சயாம் இரயில் பாதைக்குப் பிடிக்கப்பட்டும் போனான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்க்கு அவன் போன இடம் தெரியும். திரும்பாதவர்களுள் பலருக்கு இறப்புச் சான்று இல்லை. தான் மனைவியா கைம்பெண்ணா என்பதே தெரியாமல் இருந்தவளைக் குறிக்க நம் அகத்திணையில் துறையில்லை. இதே ஆண்டுகளில்தான், 1943-இல், ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்கள் பலர் பெயர் கொடுத்தனர். தாய்தந்தையர் நிச்சயித்த வாழ்க்கைக்கு வெளியே ஒரு கதவு உண்டு என்பதை அவர்களுட் பலர் முதன்முதலாகக் கண்டது துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபோதுதான்.

போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் வட்டாரத்தில் 1946, 1947 ஆண்டுகளில் ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தனர், காவலரோடு மோதல் நேர்ந்தது, உயிரும் போயிற்று. கள்ளை எதிர்த்தது மனைவியரின் முதுகைக் காத்ததுமாகும் என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் கருத்து.

விடுதலைக்குப் பின் வேலி மெல்லத் தளர்ந்தது. ஒரு முறை இறுகியும் காட்டியது. குடியுரிமை இல்லாதார் வேலைசெய்ய உரிமம் வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர் பல்லாயிரவர் கப்பலேறினர். கணவன் ஒரு கரையிலும் மனைவி ஒரு கரையிலும் ஆன வீடுகள் உண்டு. பிறகு 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து முகப்பு வரை வந்து நின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்குப் போகாமல் பேருந்தில் ஏறினர். மாத இறுதியில் சம்பளம் அவள் பெயரிலேயே வந்தது. உடன்போக்குக்குச் சங்கப் புலவர் பாலையைத் தந்தனர். தோட்டத்துப் பெண்ணுக்கு அப்பேருந்தைத் தந்தது மின்னணுத் தொழில்.

1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்குப் பலதார மணம் ஒழிந்தது, பதிவு கட்டாயமாயிற்று. இருவரும் தம் விருப்பத்தால் உடன்படுகின்றனர் என்று பதிவாளர் தெளிந்தாலன்றி மணம் நடத்தலாகாது என்று அச்சட்டம் கூறுகிறது. இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குத் தந்தையின் எழுத்து இசைவு வேண்டும் என்றும் கூறுகிறது. நெருங்கிய உறவு மணங்களைத் தடுத்த அதே சட்டம், இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் மகளை, அல்லது தாய்மாமனை மணப்பதை மட்டும் விலக்கிவைத்தது. நம் வழக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு என்று சிலர் மகிழ்ந்தனர். தாய்மாமனை வேண்டாம் என்று சொல்லத் துணியாத பெண்களை நான் அறிந்திருக்கிறேன்; அதனால் அந்த மகிழ்ச்சியில் எனக்குப் பங்கில்லை.

498-ஆம் பிரிவு மட்டும் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது. கங்காணி போனார், துரை போனார், பல தோட்டங்களில் ரப்பரும் போய்ச் செம்பனை வந்தது, அப்பிரிவு போகவில்லை. கணவனுக்கு மட்டும் உரிமை தருவது பால் வேற்றுமை என்று கூறி, மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைச் செல்லாது என்றது. பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் அந்தத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1872-இலிருந்து எண்ணினால் அதற்குள் நூற்றைம்பத்தோராண்டு ஆகியிருந்தது. அவ்வளவு காலமும் அப்பிரிவு, சென்றவளின் விருப்பம் என்ன என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.