காப்பு நகல் மென்பொருள்களின் முன்வெளியீட்டுச் சோதனை

காப்பு நகல் மென்பொருள் என்பது கணினியில் உள்ள கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைத்து, மூலம் அழிந்தால் திரும்பப் பெற உதவும் மென்பொருள் ஆகும். இதன் புதிய பதிப்புகள் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன் ஆல்ஃபா, பீட்டா, வெளியீட்டு வேட்பு என்னும் படிகளில் சோதிக்கப்படுகின்றன. திறந்த மூல மென்பொருளாயின் இச்சோதனையில் எவரும் பங்கேற்கலாம். மற்ற மென்பொருள்களின் வழு பயன்படுத்தும்போதே கண்ணில் படும். காப்பு நகல் மென்பொருளின் வழுவோ பெரும்பாலும் மீட்டெடுக்கும் நாளில்தான் வெளிப்படும்.

வரலாறு

1979இல் யுனிக்சின் ஏழாம் பதிப்புடன் வந்த டார், கோப்புகளைக் காந்த நாடாவில் கட்டி வைக்கும் கருவியாகும். 1991இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான அமாண்டா, வலையமைப்பிலுள்ள பல கணினிகளை ஒரே இடத்தில் நகலெடுத்தது. 1996இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகியோர் ஆர்சிங்க் மென்பொருளை வெளியிட்டனர். இது கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். கெர்ன் சிபால்ட் 2000இல் தொடங்கிய பாக்குலா, 2002இல் பொதுவெளிக்கு வந்தது. 2015இல் அட்டிக் என்னும் மென்பொருளிலிருந்து போர்க் பிரிந்தது. ஒரே தரவுத்துண்டு பல கோப்புகளில் இருந்தாலும் போர்க் அதை ஒருமுறை மட்டுமே சேமிக்கும். இதனால் இடம் மிச்சமாகும். ஆனால் ஒரு துண்டு பழுதானால் பல நாள் நகல்களும் சேர்ந்து பழுதாகும்.

வழுக்கள் தந்த பாடம்

2017 சனவரி 31 அன்று கிட்லாப் தளத்தின் முதன்மைத் தரவுத்தள அடைவு தவறுதலாக அழிக்கப்பட்டது. தானியங்கி நகலெடுப்பு, தரவுத்தளத்துக்குப் பொருந்தாத பழைய பதிப்புக் கருவியால் தோற்றுக்கொண்டே இருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த மற்றொரு நகலே கைகொடுத்தது.

போர்க்கின் அட்டவணைக் குறிமுறையில் இருந்த அரிய வழு 2020இல் 1.1.11 பதிப்பில்தான் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட சில நிலைமைகள் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே அது தலைகாட்டும் என்பதால் பல பதிப்புகளைக் கடந்து வந்திருந்தது. 2025 சனவரியில் பாதுகாப்புத் திருத்தங்களுடன் ஆர்சிங்க் 3.4.0 வெளிவந்தது. அதில் புகுந்த வழுக்களைத் திருத்த ஓரிரு நாளிலேயே 3.4.1 தேவைப்பட்டது. பலவகைக் கணினிகளில், பலவகைத் தரவுகளுடன் சோதிக்க வேண்டிய தேவையை இவை உணர்த்துகின்றன.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழ்ப் பயனர்களின் பங்களிப்பு இங்குதான் முக்கியமாகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். ஒருங்குறியில் 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முதல் வடிவம் 33 பைட்டு, இரண்டாவது 36 பைட்டு. இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். லினக்ஸ் பொதுவாகக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். இவற்றுக்கிடையே நகலெடுத்தால் 'நிலக்கோட்டை' என்றே இரு கோப்புகள் தோன்றக்கூடும். ஆர்சிங்க் 2008இல் வெளியிட்ட 3.0.0 பதிப்பில் எழுத்து வடிவத்தை மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. 'திண்டுக்கல்' என்ற பெயரில் இத்தகைய உயிர்க்குறி இல்லை. அதை மட்டும் வைத்துச் சோதித்தால் இச்சிக்கல் தெரியவராது. 'கொடைக்கானல்' என்றால் தெரிந்துவிடும்.

பெயரின் நீளமும் கவனத்துக்குரியது. லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்டு வரம்பு உண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு ஆவதால் 85 குறியீடுகளே அடங்கும்.

சோதிக்கும் முறை

போர்க் 2 பதிப்பின் பீட்டாக்கள் 2022 முதல் வெளிவருகின்றன. அவற்றை உண்மையான காப்பகத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று உருவாக்குநர்களே எச்சரிக்கின்றனர். எனவே சோதனைக்குத் தனி வட்டும், தரவின் பிரதியும் வேண்டும். நிலையான பதிப்பில் எடுக்கும் வழக்கமான நகல் நிறுத்தப்படக் கூடாது.

நகலெடுத்த பின் வேறொரு வெற்று அடைவில் மீட்டெடுத்து, மூலத்துடன் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்ப்புத்தொகை மூலம் ஒப்பிட வேண்டும். நகலெடுக்கும் நடுவே மின்சாரம் நின்றால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வழு தென்பட்டால் பதிப்பு எண், இயங்குதளம், கோப்பு முறைமை, செய்த படிகள் ஆகியவற்றுடன் உருவாக்குநர்களுக்குத் தெரிவிப்பது வழக்கம். 'நகலெடுப்பு முடிந்தது' என்று திரையில் வரும் செய்தி சோதனையின் பாதிதான். மீட்டெடுத்த கோப்பைத் திறந்து படிக்க முடிந்தால்தான் அது முழுமையடைகிறது.